யாரும் தள்ளவில்லை

செகம்புட் ஆய்வுக்கூடத்தில் என் வேலை கல்லை உடைப்பது.
மணிக்கட்டுப் பருமனில் ஓர் உருளை,
இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே.
முள் ஏறும். ஏறும். பிறகு ஒரு சத்தம்,
கோபத்தில் யாரோ கதவை அறைந்ததுபோல.
எண்ணை எழுதிவிட்டுத் துடைப்பத்தை எடுப்பேன்.

இந்த வாரப் பெட்டிகள் புக்கிட் திங்கிப் பக்கத்திலிருந்து.
அங்கேதான் பத்து நாளாய் மலை
நெட்டி முறித்துக்கொண்டிருக்கிறது.
ஒன்று புள்ளி எட்டு. இரண்டு புள்ளி ஒன்று.
மறுபடி ஒன்று புள்ளி எட்டு.
மூன்று புள்ளி நான்கு வந்த இரவில் மட்டும்
செந்தூல் பிளாட்டில், பதினான்காம் மாடியில்,
எங்கள் மீன் தொட்டியில் ஒரு வளையம் விரிந்தது.

தனராஜு அன்றே பையைக் கட்டிவிட்டான்.
கடப்பிதழ், டார்ச், பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம்,
ஏனோ ஒரு டின் சார்டின்.
"பெரியது எப்போது வரும்?"
சோறு போடும்போது கேட்கிறான். பல் துலக்கிக்கொண்டே கேட்கிறான்.

நான்காம் எண் உருளையின் நடுவே
ஒரு பழைய பிளவு ஓடியது.
மினுங்கியிருக்க வேண்டிய படிகங்கள் அங்கே
குழைத்த சந்தனமாய் நகத்தில் ஒட்டின.
எத்தனை ஆயிரம் ஆண்டுகள் நீர் உட்கார்ந்து
அரைத்ததோ.

காய்ந்த கல் நூற்று நாற்பத்திரண்டில் உடைந்தது.
அதே பாறையின் இன்னொரு துண்டு,
மூன்று நாள் வாளியில் ஊறியது, தொண்ணூற்றேழில்.
மிஸ்டர் கோக் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"தண்ணீர்தானே? மறுபடி செய்."

மாமாக் கடையில் அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.
பையன் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு
ஆவி பறக்கும் தே கிளாஸை வைத்தான்.
அது தானாகவே நகர்ந்தது,
என் முழங்கைவரை, சத்தமில்லாமல்.
யாரும் தள்ளவில்லை.
கீழே சிக்கிய காற்று சூடாகி
கிளாஸின் பாரத்தில் கொஞ்சத்தைத் தான் வாங்கிக்கொண்டது.
மேசையின் பிடி விட்டது.
அவ்வளவுதான்.

மலைக்கடியிலும் அதேதான் என்று அவனிடம் சொன்னேன்.
பிளவின் இரண்டு கன்னங்களையும் இறுக்கி
மேலிருக்கும் கல்லின் பாரம்தான் பூட்டி வைத்திருக்கிறது.
நீர் மயிரிழை வழியே புகுந்து
அந்தப் பாரத்துக்குத் தோள் கொடுக்கிறது.
கொடுக்காமல் இருந்திருந்தால் நகராது.

"அங்கே நீர்தான் காரணமா?"
தெரியாது. என் அறிக்கையில் அப்படி எழுத மாட்டேன்.
வரைபடத்தில் புள்ளிகள் நகர்கின்றன, அது தெரியும்.
ஆறு நாளில் முக்கால் கிலோமீட்டர்.
ஓடும் வேகமல்ல, ஊறும் வேகம்,
மேல்வீட்டு மேடம் ஃபூ "என் குழாய் இல்லை" என்று
சத்தியம் செய்கிற ஈரம்
எங்கள் கூரையில் மின்விசிறியை நெருங்குகிற மாதிரி.

"அப்போ பெரியது?"
இந்தக் கூட்டத்தில் பெரியவன் என்று ஒருவன் இல்லாமலே போகலாம்.
எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று
யாரும் பெயர் சூட்ட முடியாத ஊர்வலம்.
வரலாம். வராமலும் போகலாம்.
அவன் அண்ணாந்து கூரைக் கறையைப் பார்த்தான்.
பையை அவிழ்க்கவில்லை.
சார்டினை மட்டும் எடுத்து வந்து திறந்தான்.

இன்று மாலை எல்லோரும் போன பிறகு
ஐந்தாம் எண்ணை வாளியில் இறக்கினேன்.
காய்ந்த கல் நீருக்குள் மூச்சு விடும், பார்த்திருக்கிறீர்களா?
ஓரத்தில் ஒரு குமிழி.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிளவின் மேல் இரண்டு, பிறகு ஏழெட்டுச் சேர்ந்து,
பிறகு நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒன்று.
விளக்கை அணைக்கக் கையை நீட்டியபடி
எண்ணிக்கொண்டே நின்றேன்.
கொமுட்டர் ரயிலின் கடைசிப் பெட்டி
ஜன்னல் கண்ணாடியை லேசாக அதிர்த்துவிட்டுப் போனது.